ஹானிக்கு எங்கிருந்து வந்தது?

மயிலாப்பூர்
14.1.2025

அன்புள்ள சம்பந்தி அப்துல் சமத் பாய்க்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹானியின் அத்தா ஷரீஃப் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் உங்கள் போன் என் போனோடு பேச மாட்டேன் என்கிறது. ஒரே ஒரு தடவை அடித்து நின்றுவிடுகிறது. என்னை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று என் வீட்டம்மா ஹாஜிரா பீ சொல்கிறாள். அதனால்தான் கடிதம். கடைசியாக நான் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்பு தமிழ்ப் பரீட்சையில், "நூலகம் அமைத்துத் தரக் கோரி ஆணையருக்கு". நூலகமும் வரவில்லை, மார்க்கும் வரவில்லை. இதிலாவது பதில் வரவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறன்று ஹானியின் ஏழாம் மாத விருந்தை உங்கள் வீட்டில் நன்றாகத்தான் செய்தீர்கள். ஆண்கள் பக்கம் நான் நாலு பேரோடு சஹனில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டு, மூன்று பேர் சாப்பாட்டை நான் ஒருவனே சாப்பிட்டேன். பெண்கள் பக்கம் நடந்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. ஹானி சஹனில் கை வைக்கப் போனபோது உங்கள் வீட்டில் ஹமீதுன்னிசா அம்மா, "உனக்குத் தனியா வெச்சிருக்கேன்" என்று சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார்களாம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கறி கூட வைத்திருப்பார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். "சாப்ட்டு முடிச்சதும் தட்டையும் டம்ளரையும் குப்பைப் பையில போட்டாங்க அத்தா, கையில கவர் மாட்டிக்கினு" என்று அவள் சொன்னபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் வாய் அடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்.

என் மகள் என்ன தப்பு செய்தாள்? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஷரீஃப்


தியாகராய நகர்
18.1.2025

சம்பந்தி ஷரீஃப் அவர்களுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

தங்களின் 14ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். முப்பத்தோரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். வாய்ப்பேச்சு நாளைக்கு மாறும், எழுத்து மாறாது. எனவே இனி நமக்குள் எல்லாம் எழுத்திலேயே இருப்பது நலம்.

நடந்தது பின்வருமாறு. விருந்துக்கு முந்தைய வாரம் மருமகளைப் பரிசோதனைக்கு என் மனைவி அழைத்துச் சென்றாள். அங்கே நர்ஸ் ஒருவர் கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையில், "இவங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு, கடைசியாத்தான் ரத்தம் எடுப்போம்" என்றிருக்கிறார். அது கல்லீரலைத் தின்னும் கிருமி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். எப்படியெல்லாம் தொற்றும் என்பதையும் விசாரித்தோம். அவற்றில் சிலவற்றை இங்கே எழுத என் பேனா கூசுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைக் கேட்டபோது மருமகள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை என்கிறாள் என் மனைவி. தலையைக் குனிந்துகொண்டாளாம். அப்படியானால் அவளுக்கு முன்பே தெரியும். அவளுக்குத் தெரிந்தால் பெற்றவர்களுக்கும் தெரியும். நிக்காஹுக்கு முன் ஏன் மறைத்தீர்கள்? எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது? கையொப்பமிட்ட பதில் வேண்டும். அதுவரை பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்த பெண் அங்கேயே இருக்கட்டும். என் மகன் அமீனையும் அங்கே போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்துல் சமத்


மயிலாப்பூர்
23.1.2025

சமத் பாய்க்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில், இரண்டாம் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, மூன்றாம் தடவை ஹாஜிராவுக்கு வாசித்துக் காட்ட. "யாரிடமிருந்து" என்ற இடம் வந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

அல்லாஹ் மேல் ஆணையாக, எங்களுக்குத் தெரியாது. எனக்கு ஹெபடைடிஸ் என்று எழுதவே நேற்றுதான் வந்தது. ஹானியைக் கேட்டால் அழுகிறாள். "டாக்டர்கிட்ட போலாம் அத்தா, அங்க கேளுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் எதையோ விழுங்குகிறாள். பெற்றவனுக்கு அது தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறைத்தேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது பாருங்கள்.

அடையாறில் கல்லீரல் டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். போன வருடம் அவர் வீட்டு ஜன்னலுக்கு நான்தான் திரைச்சீலை மாட்டினேன். ஒரு பக்கம் அரை இன்ச் ஏறிப்போனது, இன்னும் அப்படியே இருக்கிறதாம். இருந்தும் என்னை உள்ளே விட்டார். ரத்தத்தின் வழியாக வரும், சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியால் வரும், கணவன் மனைவிக்குள் வரும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்றார். இருமினால், தொட்டால், கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது என்றார். "எத்தனையோ பேருக்குத் தனக்கு இருக்கிறதே தெரியாது. நல்லாத்தான் இருப்பாங்க" என்றார். ஹானியும் நல்லாத்தான் இருக்கிறாள், அழும் நேரம் தவிர.

பிறகு ஒன்று கேட்டார்: "வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" நான் ஹானியைப் பார்த்தேன். ஹானி தரையைப் பார்த்தாள். பாய், கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பையன் வேலை விஷயமாக மாதத்தில் பத்து நாள் வெளியூர். அங்கே என்ன, எப்படி என்று நான் கேட்டேனா? இப்போது கேட்கிறேன்.

கையொப்பம்: ஷரீஃப். முத்திரை இல்லை. வேண்டுமானால் அளவெடுக்கும் டேப்பை மையில் தொட்டு ஒற்றி அனுப்புகிறேன்.


தியாகராய நகர்
30.1.2025

சம்பந்தி அவர்களுக்கு,

என் மகனைப் பற்றி எழுதியதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டு, அவனை என் முன்னால் உட்கார வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்துவிட்டது. அமீனுக்கு நோய் இல்லை. அது மட்டுமல்ல, அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தியே அவன் உடம்பில் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். சுத்தமான வளர்ப்பு, சுத்தமான பழக்கம். எங்கள் பக்கம் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆகவே கேள்வி மறுபடி உங்கள் பக்கம் வருகிறது. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் உங்கள் பெண் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். அங்கே யார் யாரோடு பழகினாள், ஏன் திடீரென்று வேலையை விட்டாள்? பெண் பார்க்க வந்தபோது, "வீட்டுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நிறுத்திவிட்டோம்" என்று சொன்னீர்கள். அன்றைக்கு நம்பினேன்.

மேலும், பிரசவத்தின்போது பிள்ளைக்கு வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறக்கப் போவது என் பேரப்பிள்ளை. வருமா வராதா, வந்தால் என்ன, வராமலிருக்க வழி உண்டா என்பதைக் கேட்டு எழுதவும். நோன்பு முடிந்ததும் ஜமாஅத்தில் பெரியவர்களை வைத்துப் பேச வேண்டியிருக்கும். மருமகள் இந்த வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதை அங்கே முடிவு செய்துகொள்ளலாம்.

அப்துல் சமத்


மயிலாப்பூர்
10.2.2025

சமத் பாய்க்கு,

வேலையை ஏன் விட்டாள் என்றா கேட்டீர்கள்? உங்கள் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறீர்கள், வேலைக்குப் போகிற பெண் உங்களுக்குப் பிடிக்காது என்று தரகர் சொன்னார். அதற்காக நான்தான் நிறுத்தினேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

யாரிடமிருந்து என்ற உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகக் கேளுங்கள், பதில் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

டாக்டரம்மா ஹாஜிராவையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அவளுக்கு இருக்கிறது. எத்தனை வருடமாக இருக்கிறதோ, இருபத்தேழு வருடத்துக்கு முன் ஹானியைப் பெற்றபோதே இருந்திருக்க வேண்டும் என்கிறார். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு இதற்கென்று ஊசி போட யாரும் சொல்லவில்லை. பிறந்த அன்றைக்கே பிள்ளைக்குத் தொற்றினால் பெரும்பாலும் போகாமல் உடம்பிலேயே தங்கிவிடுமாம். ஆக என் மகள் எங்கும் போய் வாங்கி வரவில்லை பாய். எங்கள் வீட்டிலேயே வாங்கிக்கொண்டு பிறந்தாள்.

இதைக் கேட்டு நான் பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதியிலேயே நின்றது. ஹாஜிரா ஆட்டோவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு? கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு வருஷம் பெங்களூர்ல இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்றாள். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் அங்கே ஒரு கடையில் நாள் முழுக்கத் திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். "வளையம்!" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பி என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து நான் பேசினாலே அவளுக்குச் சந்தேகம், பேசாவிட்டால் அதைவிடச் சந்தேகம். உங்கள் கேள்வியை நான் எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. நம் பக்கம் திரும்பினால்தான் தெரிகிறது.

நானும் டெஸ்ட் கொடுத்தேன். இல்லை என்று வந்தது. ஒரு பரீட்சையில் எனக்கு எதுவும் இல்லை என்று வந்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. ஹாஜிராவுக்கும் அவள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். அந்த அம்மா மவுத்தாகிப் பதினைந்து வருடம் ஆகிறது, கேட்க முடியாது. இப்போது ஹாஜிரா என்னைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டாள். மூலையில் உட்கார்ந்து, "என் வயித்துலேர்ந்து குடுத்துட்டேனே" என்கிறாள். அதற்குச் சந்தேகமே தேவலை போலிருக்கிறது.

பேரப்பிள்ளை விஷயம். வராமலிருக்க வழி இருக்கிறது. ஹானியின் ரத்தத்தில் கிருமி நிறைய இருப்பதால் தினம் ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும், தள்ளிப் போடாமல், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு தொடையில் இரண்டு ஊசி. ஒன்று சாதாரணத் தடுப்பூசி, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும். இன்னொன்று இம்யூனோகுளோபுலின் என்று ஒன்று, பல இடங்களில் இருக்காது. முன்பே சொல்லி வைக்க வேண்டும். பிறகும் சில தவணைத் தடுப்பூசி உண்டு. இவ்வளவும் செய்தால் பெரும்பாலும் பிள்ளை தப்பிவிடும், தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்கிறார். தப்பியதா என்பது பிள்ளைக்கு ஒன்பது மாதம் கடந்து ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. அமீனுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பெருமையாக எழுதினீர்களே, அதை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். "அது வளர்ப்பால் வராது, தடுப்பூசி போட்டிருந்தால் வரும்" என்றார். சின்ன வயதில் போட்டீர்களா? உங்களைப் போல் யோசித்துப் பார்க்கிறேன் பாய். கர்ப்பம் தெரிந்த மூன்றாம் மாதமே இந்த டெஸ்ட் எடுப்பார்களாம். அப்போது ஹானி உங்கள் வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது யார்?

ஷரீஃப்


தியாகராய நகர்
14.2.2025

ஷரீஃப் அவர்களுக்கு,

என் மகன் என்னிடம் எதையும் மறைத்தவன் அல்ல. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அன்றாடம் நடந்ததை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பான். உங்கள் குற்றச்சாட்டை அவனிடம் கேட்டு, மறுப்பை எழுத்தில் வாங்கி இணைத்து அனுப்புகிறேன்.

சிறு வயதில் ஊசி எதுவும் போடவில்லை.

அப்துல் சமத்


மயிலாப்பூர்
21.2.2025

சமத் பாய்க்கு,

நீங்கள் இணைத்து அனுப்புவதாகச் சொன்ன மறுப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக உங்கள் பையனே வந்துவிட்டார். நேற்று மதியம் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து என் தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்பதால் முதலில் இதை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்களிடம் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கண் வீங்கியிருந்தது. எங்களிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். மூன்றாம் மாதமே தெரியுமாம். அந்த வாரமே அவர் டெஸ்ட் எடுத்து, இல்லை என்று வந்ததும் தடுப்பூசி போட ஆரம்பித்து, இரண்டு தவணை முடிந்துவிட்டது. ஹானி எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்றாளாம். அவர்தான், "பிள்ளை பிறக்கட்டும், ஊசி போட்டுட்டா முடிஞ்சுது, யாருக்கும் தெரிய வேணாம்" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நர்ஸ் சொன்னபோது அவள் அதிர்ச்சியடையாமல் தலை குனிந்தது இதனால்தான். பிளாஸ்டிக் தட்டில் சாப்பிட்டதும் இதனால்தான். உங்கள் மகன் பெயரைச் சொல்லியிருந்தால் அங்கேயே தப்பித்திருப்பாள்.

"ஏம்ப்பா, உங்க அத்தாகிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன். "அவர்கிட்ட ஒரு விஷயம் சொன்னா, விசாரணை முடியறதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துடும் மாமா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்றேன். "நீங்க சிரிச்சிக்கினே தெரு முழுக்கச் சொல்லிடுவீங்க" என்றார். அதற்குச் சிரிக்க முடியவில்லை. ஹாஜிரா மட்டும் தலையாட்டினாள்.

ஒரு மனிதன் தன் வீட்டிலிருந்து கிளம்பி, பெண்டாட்டியிடம் வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டதை நான் நேற்றுதான் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று வராண்டாவுக்குப் போனேன். ஆனாலும் பார்த்தேன்.

ஷரீஃப்


தியாகராய நகர்
26.2.2025

ஷரீஃப் அவர்களுக்கு,

என் மகனை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது சரியல்ல. அவனுக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்களோ தெரியாது. அவன் சொல்லிக் கொடுத்து நீங்கள் எழுதுகிறீர்களோ, அதுவும் தெரியாது.

ஹமீதுன்னிசா நான்கு நாட்களாக என்னோடு பேசுவதில்லை. பிள்ளை வீட்டைவிட்டுப் போனதற்கு நான் காரணம் என்கிறாள். தட்டைத் தனியாக வைத்தது யார் என்று கேட்டேன். வைக்கச் சொன்னது யார் என்று கேட்கிறாள்.

மூன்றாம் மாதத்தில் அவன் என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். எழுதத் தக்கதாக இல்லை.

அந்த இரண்டாவது ஊசியின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பவும். எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்பதையும். நோன்பு சனி அல்லது ஞாயிறு ஆரம்பிக்கும். நோன்பில் நீங்கள் அலைய வேண்டாம்.

அப்துல் சமத்


மயிலாப்பூர்
24.3.2025

அன்புள்ள சமத் பாய்க்கு,

பேத்தி நலம், ஹானி நலம், உங்கள் பையன் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு வாரம் முன்னதாக வெள்ளிக்கிழமை காலையில் வலி வரும் என்று யார் கண்டது? ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்த ஊசி திங்கட்கிழமைதான் வரும் என்று நர்ஸ் கையை விரித்தபோது, எனக்கு வந்த வார்த்தைகளால் அன்றைய நோன்பே போயிருக்கும். நான்கு மருந்துக் கடை ஏறி இறங்கினேன். "என்ன பேரு? மறுபடி சொல்லுங்க" என்பான் கடைக்காரன். நான் சொல்லும் பேர் ஒவ்வொரு கடையிலும் வேறு வேறாக இருந்தது.

பிள்ளை பிறந்து மூன்று மணி நேரம் ஆனது. திரும்பி வந்து பார்த்தால் நீங்கள் வராண்டாவில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அமீன் உங்களுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியாது. நோன்போடு, உதடு காய்ந்து, சட்டை முழுக்க வேர்வை. எங்கெங்கே அலைந்தீர்கள் என்று நீங்களும் சொல்லவில்லை. நர்ஸிடம் பெட்டியைக் கொடுக்கும்போது, "காலாவதி தேதி பார்த்துட்டீங்களா? என் முன்னால பாருங்க" என்றீர்களே, அங்கேதான் நீங்கள் என் சம்பந்தி என்று உறுதியானது. இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். அது எங்கள் பக்கத்துக் குரல்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஊசி போட்டதும் கிளம்பிவிட்டீர்கள். பத்தடி தள்ளி அறைக்குள் ஹானி படுத்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள் உங்கள் பேத்திக்காக வந்தீர்களா, என் மகளுக்காகவும் வந்தீர்களா என்பது இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

அவளும் அதைப் பார்த்தாள். அமீன் உங்கள் வீட்டுக்கே திரும்பலாம் என்கிறார். அவளோ நேற்று என்னைக் கூப்பிட்டு உங்களுக்கு இதை எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், பழி என் மேல் வேண்டாம்: "மாமாவும் மாமியும் பிள்ளையைப் பார்க்க வரட்டும். தூக்கணும்னா, ரெண்டு பேரும் அந்த டெஸ்ட் எடுத்துட்டு வரட்டும். இல்லேன்னா வாசல்லேர்ந்து பாத்துட்டுப் போகட்டும்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா இது, பெரியவங்களைப் போயி" என்றேன். "எழுதுங்க அத்தா" என்றாள். எழுதிவிட்டேன்.

ஷரீஃப்


தியாகராய நகர்
5.4.2025

சம்பந்தி ஷரீஃப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளன்று உங்கள் தெரு முனைவரை வந்து நானும் ஹமீதுன்னிசாவும் திரும்பிவிட்டோம். காரணம் தங்களின் 24ஆம் தேதியிட்ட கடிதம். என் ஆட்சேபணையைத் தெரிவிக்கிறேன்.

மருமகளின் கோரிக்கையைப் படித்தபின் அடையாறு டாக்டரம்மாவிடம் நானே போனேன். ஒரு மணி நேரம் கேட்டேன். பிள்ளையைத் தூக்குவதால் இது வராது. மடியில் வைப்பதால், கன்னத்தில் முத்தமிடுவதால் வராது. பக்கத்தில் படுப்பதால் வராது. ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டாலும் வராது. எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டேன். அப்படியிருக்க எங்களைப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்வது நியாயமே இல்லை. ஒரு குற்றமும் செய்யாதவர்களைத் தள்ளி நிறுத்தி, அவர்களிடம் நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்டு, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதாகும்.

இதுவரை எழுதி ஹமீதுன்னிசாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நான் மறுபடி படித்தேன். பிறகு இரண்டு நாள் இந்தக் காகிதத்தைத் தொடவில்லை.

கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

நேற்று நாங்கள் இருவரும் ரத்தம் கொடுத்தோம். முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில் ஹமீதுன்னிசா, "உங்களுக்கு இருந்தா?" என்றாள். "உனக்கு இருந்தா?" என்றேன். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. நானும் அவளை. இன்று இருவருக்கும் இல்லை என்று வந்தது. ஒருவரையொருவர் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஜமாஅத்துக்குப் போக வேண்டியதில்லை. மருமகள் இங்கே வருவதானால் வரட்டும். வர விருப்பமில்லை என்றால் அதையும் தெரிவிக்கவும்.

அப்துல் சமத்


மயிலாப்பூர்
9.4.2025

அன்புள்ள சமத் பாய்க்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தை நான் வாசித்துக் காட்டப் போனேன். ஹானி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். தானே படித்தாள். ஒரு இடத்தில் நின்று மறுபடி படித்தாள். எந்த இடம் என்று எட்டிப் பார்த்தேன். தள்ளி நிறுத்தி அவமானப்படுத்துவது பற்றி நீங்கள் எழுதிய இடம்தான்.

"இதை மாமா வாயால வரவைக்கத்தான் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். தூக்கினா வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். என் மகளுக்கு இவ்வளவு தந்திரம் எங்கிருந்து வந்தது என்று ஹாஜிராவைப் பார்த்தேன். ஹாஜிரா என்னைப் பார்த்தாள். இதற்கும் டெஸ்ட் இருந்தால் தேவலை.

பிள்ளைக்கு ஆயத் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தம் பார்க்க வருடக் கடைசி ஆகும். அதுவரை அவள் கண் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அது வெயில் வெளிச்சம் என்று ஹாஜிரா சொல்வாள், அவளும் தூங்க மாட்டாள். அந்தப் பயத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவாளா என்று கேட்டேன். "எழுதிட்டாரு. அதை எங்கிட்ட நேர்ல சொல்லட்டும். அப்புறம் வரேன்" என்றாள். அதில் ஒரு வார்த்தை குறையாது, கூடாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இருவரும் வாருங்கள். அவள் உள் அறையில் இருப்பாள், பிள்ளையும் அங்கேதான் இருக்கும். நீங்கள் அவளிடம் பேசும்போது நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். ஐஸ் வாங்கவோ எதற்கோ கடைத்தெருவுக்குப் போய்விடுகிறேன். வீட்டில் இருந்தால் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரித்துக் கெடுத்துவிடுவேன் பாய்.

இப்படிக்கு,
ஷரீஃப்